எஸ்த்ரெலா ஹோட்டல் குளத்தில் நடந்தது

எஸ்த்ரெலா ஹோட்டலைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டும்போது ஃபெலிஸ்மினா கொஞ்சம் பொய்யும் கலந்துதான் சொல்லுவாள். வெறும் உண்மையை யார் நின்று கேட்பார்கள்? வெள்ளைக்காரர்கள் கட்டினார்கள், ஒருநாள் விட்டுவிட்டுப் போனார்கள். யுத்தம் வந்தது. ஊர் ஊராக ஓடி வந்த ஜனங்கள் அறைக்கொரு குடும்பமாகவும், அறை தீர்ந்ததும் வராந்தாவுக்கொரு குடும்பமாகவும் ஏறிக்கொண்டார்கள். கதவுகளும் தரைப் பலகைகளும் அடுப்புக்குப் போயின, படிக்கட்டின் கைப்பிடிக் கம்பி பழைய இரும்புக்காரனிடம் போயிற்று. இதைக் கேட்கவா ஜனங்கள் விமானம் ஏறி இந்தப் பெய்ரா நகரத்துக்கு வருகிறார்கள்? அதனால் அவள் ஒரு ராஜகுமாரியை மூன்றாவது மாடியில் தங்க வைத்தாள். ஒரு கப்பல் தலைவனைப் பந்தயத்தில் தோற்க வைத்து, மாடி முகப்பிலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டே சுட்டுக்கொள்ள வைத்தாள். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

அன்று வந்த கிழவியிடம் மட்டும் அந்தப் பருப்பு வேகவில்லை.

பெயர் டோனா எர்மெலிந்தா. லிஸ்பனிலிருந்து தனியாக வந்திருந்தாள். எழுபதைத் தாண்டியிருக்கும். வெள்ளைக் கால்சட்டை, தொப்பி, கழுத்தில் மெல்லிய தங்கச் சங்கிலி. "டோனா, சங்கிலியக் கழட்டிப் பையில போட்டுக்குங்க" என்று வாசலிலேயே ஃபெலிஸ்மினா சொன்னாள். "இது கழுத்தை விட்டு இறங்காம நாப்பது வருஷமாச்சு, கொக்கி இறுகிப்போயிருக்கும்" என்று கிழவி சிரித்துவிட்டாள். அதற்கு மேல் வற்புறுத்தினால், 'இங்கே எல்லோரும் திருடர்கள்' என்று தன் வாயாலேயே சொன்னது போலாகும் என்று ஃபெலிஸ்மினாவும் விட்டுவிட்டாள்.

"இங்கதான் டோனா பெரிய பியானோ இருந்துச்சு. ராஜகுமாரி ராத்திரி பூரா வாசிப்பா."

"பியானோவா? இங்க மீன் தொட்டி இருந்துச்சு. அதுல ஒரு ஆமை. எங்கப்பா கணக்குப் பிரிவுல வேலை பார்த்தாரு. ஞாயித்துக்கிழமை நான் வந்து அந்த ஆமைக்கு ரொட்டி போடுவேன்."

"அப்போ ராஜகுமாரி?"

"எவளும் வரல. வியாபாரிங்களும் அவங்க வைப்பாட்டிங்களும்தான் வந்தாங்க."

ஃபெலிஸ்மினா வாய்விட்டுச் சிரித்தாள். இவ்வளவு காலம் சொன்ன பொய்யை ஒருத்தி நேருக்கு நேர் உடைத்ததில் அவளுக்கு ஏனோ கோபம் வரவில்லை. மண்டபத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களில் லுர்தெஸ், "என்ன அக்கா, இன்னிக்கு வெள்ளைக்காரி உனக்கே கதை சொல்றாளா?" என்று கத்தினாள். லுர்தெஸ் இரண்டாம் மாடிக்காரி, ஃபெலிஸ்மினாவுக்கு அடுத்த அறை. சோளம் இடித்து இடித்துத் தோள் இரண்டும் ஆண்பிள்ளைத் தோளாக இறுகிப்போனவள்.

இருவரும் படியேறினார்கள். அந்தப் படிக்கட்டு நத்தைக்கூடு போல வளைந்து ஏறும். பக்கத்தில் பிடிக்க ஒன்றும் இல்லாததால் சுவரோரமாகத்தான் நடக்க வேண்டும். முதல் மாடித் திருப்பத்தில் இருட்டு. மேலேயிருந்து ஒருவன் இறங்கி வந்தான். ஃபெலிஸ்மினாவுக்கு அவனைத் தெரியும். அபிலியோ. மூன்றாம் மாடியில் மாமன் குடும்பத்தோடு ஒண்டிக்கொண்டிருப்பவன். போன மழைக்காலத்தில் அவள் அறைக்குள் புகுந்து எண்ணெய்ச் சட்டியையும் அடுப்பையும் தூக்கிக்கொண்டு போனவன். நேரில் போய்க் கேட்டதற்கு, எல்லோரும் பார்க்கக் கன்னத்தில் அறைந்தவன். காலையில் பஜ்ஜியா என்ற பயற்று வடை பொரித்து விற்றுப் பிழைக்கிறவளிடம் சட்டியை எடுப்பது கையை வெட்டி எடுப்பதற்குச் சமம். அப்போதிருந்து அவனைக் கண்டால் அவள் எச்சில் துப்பிவிட்டுத்தான் நகர்வாள்.

அபிலியோ சுவரை ஒட்டி ஒதுங்கினான். "வணக்கம், பாட்டியம்மா" என்று மரியாதையாகச் சொன்னான். அடுத்த கணம் கிழவியின் கழுத்தில் கையை விட்டு இழுத்தான். அவள் சுவரில் மோதி உட்கார்ந்துவிட்டாள். அவன் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான்.

"திருடன்! திருடன்! சங்கிலி! பிடிங்க!"

கத்தியது ஃபெலிஸ்மினா. அந்தச் சொல் வாயை விட்டுப் போனதுமே கட்டடம் விழித்துக்கொண்டது. எஸ்த்ரெலாவில் தண்ணீர் வரவில்லை என்று கத்தினால் யாரும் திரும்பமாட்டார்கள், பிரசவ வலி என்று கத்தினால் இரண்டு பேர் வருவார்கள். திருடன் என்றால் வராந்தாக்கள் எல்லாம் காலாகிவிடும். கீழே தடதடவென்று ஓடும் சத்தம் கேட்டது. யாரோ ஒருவன் சீழ்க்கை அடித்தான்.

"அடி பட்டுடுச்சா டோனா?"

"முழங்கை. பரவாயில்ல." கிழவியின் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. "நீ ஏன் அப்படிக் கத்தினே? போனாப் போகுது."

ஃபெலிஸ்மினா படிக்கட்டின் உடைந்த ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தாள். ஹோட்டலின் பின்புறம், வற்றிய நீச்சல் குளம். ஆழமான பக்கத்தில் மழைத்தண்ணீர் பச்சையாகத் தேங்கியிருக்கும், மற்ற பக்கத்தில் பெண்கள் துணி துவைப்பார்கள். அபிலியோ தோட்டப் பக்கம் ஓடி வழி இல்லாமல் திரும்பியிருக்க வேண்டும். அவளுடைய கண்ணெதிரே குளத்தின் விளிம்பிலிருந்து உள்ளே குதித்தான். குதித்தவன் கால் பிசகி விழுந்தான். நாலாபுறமிருந்தும் ஆண்கள் அவன்மேல் குதித்தார்கள்.

முதல் அடி செங்கல்லால் விழுந்தது. தோளில் பட்டது. இரண்டாவது இரும்புக் குழாய். எலும்பு உடையும் ஓசை முதல் மாடி வரை கேட்குமா என்று கேட்டால், கேட்கும். குளத்துச் சுவர் அதை வாங்கித் திருப்பி மேலே எறியும்.

ஃபெலிஸ்மினாவுக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. கன்னத்தில் வாங்கிய அறை அந்த நேரத்தில் சூடாக நினைவுக்கு வந்தது. "போடு, இன்னும் போடு" என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்த கிழவி, "கடவுளே, கொல்லப் போறாங்க" என்றாள்.

"கொல்ல மாட்டாங்க டோனா. நாலு சாத்து சாத்திட்டு விட்டுடுவாங்க."

இதுவும் அவள் சொல்லும் பொய்களில் ஒன்று என்று அவளுக்கே தெரியும். சந்தையருகே போன வருஷம் ஒருவனை விட்டுவிடவில்லை. கருகிய தார்ச்சாலை இன்னும் அப்படியே இருக்கிறது.

கீழே ஜோசியாஸின் குரல் எல்லாக் குரலுக்கும் மேலாகக் கேட்டது. ஜோசியாஸ் லுர்தெஸின் புருஷன். வாசலில் போத்தலில் பெட்ரோல் வைத்து மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு விற்பவன். நல்ல மனிதன். மூன்று பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். "சங்கிலி எங்கடா? சங்கிலியை எடு!" என்று கேட்டுக்கொண்டே அபிலியோவின் விலாவில் உதைத்தான்.

"இல்ல... என்கிட்ட இல்ல..."

சட்டையைக் கிழித்தார்கள். கால்சட்டையை உருவினார்கள். வாயைப் பிளந்து விரலை விட்டுப் பார்த்தார்கள். "முழுங்கிட்டான்!" என்றான் ஒருவன். "வயித்தைக் கிழிச்சுப் பாரு!" என்றான் இன்னொருவன். அதற்குச் சிரித்தார்கள். சிரிப்பு வந்துவிட்டால் இனி நிற்காது.

கிழவி ஜன்னல் ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தாள். ஃபெலிஸ்மினா அவள் தலையைப் பிடித்துக்கொண்டபோது, கிழவியின் சட்டைக்குள்ளிருந்து என்னவோ நழுவி அவள் செருப்பின்மேல் விழுந்தது. சங்கிலி. அறுந்த சங்கிலி கழுத்திலிருந்து சட்டைக்குள்ளேயே இறங்கியிருந்தது. அவன் வெறுங்கையோடுதான் ஓடியிருக்கிறான்.

ஃபெலிஸ்மினா அதைப் பொறுக்கிக்கொண்டு ஓடினாள். படிக்கட்டின் வெளி விளிம்பில் கால் வைத்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. மண்டபத்தைத் தாண்டி, பின்கட்டைத் தாண்டி, குளத்து ஏணி இருந்த இடத்தில் கல்லைப் பிடித்து இறங்கி, கூட்டத்தை முழங்கையால் குத்திக்கொண்டு உள்ளே போனாள்.

"சங்கிலி இருக்கு! இதோ பாருங்க! அவன் எடுக்கல! கிழவி சட்டைக்குள்ளேயே இருந்துச்சு!"

முன்னால் நின்ற இரண்டு பேர் பார்த்தார்கள். ஒருவன் கல்லைக் கீழே போட்டான்கூட. ஆனால் கூட்டம் என்பது முன்னால் நிற்பவன் மட்டும் இல்லையே. பின்னாலிருந்து, "இன்னிக்கு எடுக்கல, சரி. போன வாரம் என் கைபேசி எங்க போச்சு?" என்று ஒரு குரல். "என் சைக்கிள்?" என்று இன்னொன்று. "உன் அடுப்பைத் தூக்கினவன்தானே அக்கா? உனக்கு வெக்கமா இல்லே?"

"தூக்கினான்தான். என்னை அறைஞ்சான்தான். போதும், விட்டுடுங்க. போலீசுகிட்ட குடுங்க."

"போலீசா? ராத்திரி பிடிச்சுக் குடுத்தா காலையில நமக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து உக்கார்ந்திருப்பான்!"

அதிலும் பொய் இல்லை.

அபிலியோ தரையில் ஒருக்களித்துக் கிடந்தான். ஒரு கண் இருந்த இடத்தில் வீங்கிய சதைதான் தெரிந்தது. கால் முழங்காலுக்குக் கீழே திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. உடம்பில் துணி இல்லை. பயத்தில் அவன் தன்னையே நனைத்திருந்தான். மீதி இருந்த கண்ணால் அவளைப் பார்த்து, "அக்கா" என்றான். பல் போன வாயில் சொல் குழைந்து வந்தது. "அக்கா, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

கூட்டத்தின் தலைக்கு மேலாக ஒரு பழைய லாரி டயர் கை மாறி வந்தது. அதை அவன்மேல் போட்டார்கள். ஜோசியாஸ் பெட்ரோல் போத்தலின் மூடியைத் திருகினான்.

அந்த நேரத்தில் ஃபெலிஸ்மினா என்ன நினைத்தாள் என்று பிற்பாடு பலபேர் கேட்டார்கள். ஒன்றும் நினைக்கவில்லை என்றுதான் சொன்னாள். நான் கூப்பிட்ட ஆட்கள், நான் கத்திய கத்தல், அவ்வளவுதான் தெரிந்தது என்றாள். அவள் டயரின்மேல், அபிலியோவின்மேல், குப்புற விழுந்து கட்டிக்கொண்டாள்.

"எந்திரி அக்கா!"

"மாட்டேன்."

யாரோ அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். அவள் டயருக்குள் கையை விட்டுப் பின்னிக்கொண்டாள். அந்தக் கையைத்தான் இரும்புக் குழாய் தேடி வந்தது. முழங்கைக்குக் கீழே அடி விழுந்ததும், கை தன்னுடையது இல்லை என்பது போல மரத்துப்போய், அதன் பிறகுதான் வலி பற்றி எரிந்தது. அவள் அலறினாள். ஆனாலும் விடவில்லை. முதுகில் ஒரு உதை. இடுப்பில் ஒன்று. "திருடன் பொண்டாட்டி! இவளுக்கும் பங்கு இருக்கு!" என்று ஒரு குரல். காலையில் அவளிடம் பஜ்ஜியா வாங்கித் தின்ற வாய்தான் அது.

சில்லென்று முதுகில் என்னவோ ஊற்றியது. தண்ணீர் என்று நினைத்தாள். மூக்கு உண்மையைச் சொன்னது. பெட்ரோல் கழுத்து வழியாக இறங்கி, உடைந்த கையின் தோலில் பட்டு எரிந்தது. அவள் இடுப்பில் கட்டியிருந்த கப்புலானாத் துணி அதைக் குடித்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. தலையைத் திருப்பினாள். ஜோசியாஸ் போத்தலைக் கவிழ்த்துக்கொண்டு நின்றான். அவன் கண்கள் அவளைப் பார்த்தபடிதான் இருந்தன. பின்னால் ஒருவன் லைட்டரைத் தட்டினான். காற்றில் அணைந்தது. மறுபடி தட்டினான்.

முதல் உலக்கை விழுந்தது ஜோசியாஸின் மண்டையில்.

லுர்தெஸ் மேலேயிருந்து, குளத்து விளிம்பிலிருந்து, இரண்டு கையாலும் ஓங்கி அடித்தாள். புருஷன் என்று பார்க்கவில்லை. அவன் போத்தலோடு மடங்கி விழுந்தான். அவளுக்குப் பின்னால் இரண்டாம் மாடிப் பெண்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். சோளம் இடித்துக்கொண்டிருந்தவர்கள் உலக்கையோடும், துணி துவைத்தவர்கள் துவைக்கும் கட்டையோடும், ஒருத்தி கொதிக்கும் கஞ்சிச் சட்டியோடும் நின்றார்கள்.

"யாரு மேலேடா ஊத்தினே? எங்க ஃபெலிஸ்மினா மேலேயா? உங்கம்மா செத்தப்போ குளிப்பாட்டினது யாருடா, நாயே?" என்று லுர்தெஸ் கத்தினாள்.

திருடனுக்காக அவர்கள் வரவில்லை. திருடனை எரித்திருந்தால் மாடியிலிருந்தே வேடிக்கை பார்த்திருப்பார்கள். அதுதான் உண்மை. அவர்களில் பலருக்கு அபிலியோ திருடிய பொருளின் கணக்கு உண்டு. ஆனால் தங்கள் வராந்தாக்காரியின் முதுகில் பெட்ரோலைப் பார்த்ததும் அவர்களுக்கு வேறு ஆவேசம் வந்துவிட்டது. குளத்துக்குள் இறங்கினார்கள். உலக்கை முழங்காலைத் தேடிப் பேசியது. லைட்டர் வைத்திருந்தவனின் கையில் கஞ்சி ஊற்றப்பட்டது. அவன் ஊளையிட்டுக்கொண்டு பச்சைத் தண்ணீருக்குள் ஓடினான். ஆண்களும் சும்மா இருக்கவில்லை. ஒரு பெண்ணின் வாயில் குத்தினான் ஒருவன். இரண்டு பல்லும் ரத்தமுமாக அவள் துப்பிவிட்டு, அவன் காதைக் கடித்துத் தொங்கினாள். புருஷன் பெண்டாட்டி, அண்ணன் தங்கை, மாமியார் மருமகன் என்று எஸ்த்ரெலாவே அன்று அந்தக் குழிக்குள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டது. கஞ்சி ஊற்றியவள் எதிரி யார் என்று மறந்து தன் தம்பியையே சட்டியால் போட்டதாகப் பிற்பாடு சொல்லிச் சிரித்தார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் குழப்பத்தில் லுர்தெஸும் இன்னொருத்தியும் ஃபெலிஸ்மினாவைத் தூக்கினார்கள்.

"இவனையும்" என்றாள் ஃபெலிஸ்மினா.

"இவனா? செத்து ஒழியட்டும்."

"இவனையும் தூக்கு லுர்தெஸ். இல்லாட்டி நான் வரல."

லுர்தெஸ் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அபிலியோவின் ஒரு காலைப் பிடித்தாள். அவன் கத்தியதும், அது உடைந்த கால் என்று தெரிந்து மறு காலைப் பிடித்தாள். மாட்டை இழுப்பது போலத் தரையோடு இழுத்துத்தான் மேலே ஏற்றினார்கள்.

வாசலில் டோனா எர்மெலிந்தா ஒரு ஆட்டோவை மறித்து நின்றுகொண்டிருந்தாள். ஆட்டோக்காரன் அம்மணமாக ரத்தத்தில் கிடந்தவனைப் பார்த்துவிட்டு, "சீட்டு கெட்டுடும், திருடனை ஏத்த மாட்டேன்" என்றான். கிழவி பேசாமல் உள்ளே ஏறி உட்கார்ந்து, தன் மடியைத் தட்டிக் காட்டினாள். அபிலியோவின் தலை அவள் மடியில் வந்தது. வெள்ளைக் கால்சட்டை உடனே சிவந்தது. ஃபெலிஸ்மினா நல்ல கையில் இன்னும் மடக்கி வைத்திருந்த சங்கிலியைக் கிழவியிடம் நீட்டிவிட்டு, டிரைவரின் பக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "சிகரெட் பத்த வச்சுடாதே, நான் எரிஞ்சுடுவேன்" என்று அவனிடம் சொன்னாள். அவன் வழி முழுக்க மூச்சுகூடச் சரியாக விடவில்லை.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் ஒருவர் வந்து கேட்டார். யார் அடித்தது? ஃபெலிஸ்மினா, "கூட்டம்" என்றாள். கூட்டத்தில் யார்? "கூட்டம்தான்." கிழவியிடம் திருட்டுப் புகார் உண்டா என்று கேட்டார். "என் சங்கிலி என்கிட்டேயே இருக்கு. என்ன புகார் குடுக்கறது?" என்றாள் அவள். பிறகு தாழ்ந்த குரலில் ஃபெலிஸ்மினாவிடம், "அவன் இழுத்தது நிஜம்தானே. நான் பொய் சொல்லிட்டேன்" என்றாள்.

"எனக்குப் பழக்கம் டோனா. முதல் தடவைதான் கஷ்டமா இருக்கும்."

கிழவி இரண்டு நாள் கூடுதலாக அந்த ஊரில் இருந்துவிட்டுப் போனாள். அபிலியோ பிழைத்தான். கண் ஒன்று போயிற்று, கால் நேராகவில்லை. தாடையைக் கம்பியால் கட்டியிருந்ததால் ஃபெலிஸ்மினா போய் நின்றபோது அவனால் எதுவும் பேச முடியவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். அவன்மேல் இரக்கம் வருமென்று நினைத்திருந்தாள். வரவில்லை. சாகாமல் இருக்கிறானே என்ற ஆறுதல் மட்டும் இருந்தது. மாமன் அவனை எஸ்த்ரெலாவுக்குக் கொண்டு வரவில்லை, பக்கத்து ஊரான தோந்தோவில் யாரோ உறவினர் வீட்டில் விட்டுவிட்டார்.

எஸ்த்ரெலாவில் யாரும் வீடு மாறவில்லை. போவதற்கு இடம் இருந்தால்தானே மாறுவதற்கு? அடித்தவர்களும் அடிபட்டவர்களும் அதே படிக்கட்டில் ஏறி இறங்கினார்கள். ஃபெலிஸ்மினா மாவுக்கட்டோடு அறையில் உட்கார்ந்திருந்தாள். தீக்குச்சியை அவளால் உரச முடியவில்லை. கை உடைந்ததனால் இல்லை, நல்ல கை இருந்ததே. பெட்டியை எடுத்தாலே முதுகெல்லாம் ஈரமாகிவிட்டது போல இருந்தது. லுர்தெஸ்தான் காலையில் வந்து அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுப் போனாள்.

ஒருநாள் முற்றத்துக் குழாயில் வரிசை. ஃபெலிஸ்மினா ஒற்றைக் கையோடு கேனை வைத்துக்கொண்டு நின்றாள். முன்னால் ஜோசியாஸ். தலையில் தையல், சுற்றிக் கட்டு. அவன் தன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, அவள் கேனை வாங்கி நிரப்பினான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டாம் மாடி வரை அதைத் தோளில் தூக்கி வந்தான். அவள் பின்னால் நடந்தாள். அறை வாசலில் கேனை இறக்கிவிட்டு, போகாமல் நின்றான்.

"கை எப்படி இருக்கு?"

"வலிக்குது."

"ம்."

"ஜோசியாஸ், நான்தான் கீழே கிடக்கறேன்னு தெரிஞ்சுதானா ஊத்தினே?"

அவன் சுவரைப் பார்த்தான். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளும் நம்புவது போல நடித்திருப்பாள், காலம் ஓடியிருக்கும்.

"தெரியும் அக்கா" என்றான். "தெரிஞ்சுதான். கை நிக்கல."

லுர்தெஸ் யாரையோ திட்டும் சத்தம் அடுத்த அறையிலிருந்து கேட்டது. ஃபெலிஸ்மினா வாசல் துணியை ஒதுக்கி, கேனைக் காலால் தள்ளித் தள்ளி உள்ளே கொண்டுபோனாள். பாதி தூரத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

"நாளைக்கும் கொண்டு வா" என்றாள், திரும்பாமல். "கை சேரற வரைக்கும் தினம் கொண்டு வா. பேசாதே. வச்சுட்டுப் போ."

"சரி அக்கா."

அவன் இறங்கிப் போகும் செருப்புச் சத்தம் அடங்கும் வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகு கேனின் மூடியைத் திறந்து, குனிந்து, தண்ணீரை முகர்ந்து பார்த்தாள். தண்ணீர்தான்.